ஐஸ்பெட்டிக்காரர் குடித்த தண்ணீர்

அவர் எந்த வீட்டிலும் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னதில்லை. எல்லாம் அதனால் வந்த வினை என்று ரொம்ப நாள் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் சொன்னேன், மாமனார் ஊரில் சொன்னேன், கேட்காதவர்களிடமும் வலியப்போய்ச் சொன்னேன். இப்போது யாராவது அவர் பேச்சை எடுத்தால், மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று எழுந்து போய்விடுகிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. ஊரில் யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதும் இல்லை. ஐஸ்பெட்டிக்காரர் என்றால்தான் தெரியும். கொரோனாவுக்கு அடுத்த வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள், டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் பின்னால் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்து வண்டித்தடத்தில் வந்தார். நல்ல வெயில். வரப்பில் நின்றுகொண்டிருந்த நான், "சேமியா ஐஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஐஸ் கட்டிகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே காலி பாட்டில்கள் வரிசையாகச் செருகியிருந்தன.

"தண்ணி எடுக்க வந்திருக்கேங்க. உங்க கிணத்துல," என்றார்.

ஐஸ் இல்லாமல் போன எரிச்சலில், நான் இந்த வார்டு மெம்பர் என்பதைச் சற்று விறைப்பாகவே சொல்லிவைத்தேன். "அப்படிங்களா, நல்லதுங்க மெம்பர்," என்று பெட்டியை மூடினார். அன்றிலிருந்து கடைசிவரை என்னை மெம்பர் என்றுதான் அழைத்தார்.

ஆத்தூர்ப் பக்கத்து ஆள். எங்களைப்போல இழுத்துப் பேச மாட்டார். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஒப்பந்த வேலை. எங்கள் ஓடையின் இரண்டு கரையிலும் ஆறு கிணறுகளைக் குறித்து, மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்துப் புளிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி எங்கேயோ உத்தரவாகியிருந்தது. ஐந்து கிணறு எங்கள் தோட்டங்களில். ஆறாவது காலனிக் கிணறு. அது ஓடையை ஒட்டி, பள்ளத்தில் கடைசியாக இருக்கிறது.

ஓடைக்கு மேல்புறம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. மரவள்ளிக்கிழங்கை, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கை, அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சுகிற புளித்த தண்ணீர் குட்டைகளுக்குப் போகும். குட்டை நிறைந்தால் ஓடைக்கு வரும். ஓடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கும். காற்று திரும்பினால் சோறு சாப்பிட முடியாத அளவுக்கு நாறும். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வோமே தவிர வாயைத் திறக்க மாட்டோம். எங்கள் குச்சிக்கிழங்கு முழுக்க அந்த ஆலைகளுக்குத்தான் போகிறது. லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதே கிழங்கு தண்ணீராகத் திரும்பி வரும்போது யாரைக் கேட்பது?

ஒன்றும் தெரியாமல் இருந்தோம் என்றும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக் கிணற்றில் மோட்டார் குழாய் இரண்டே வருடத்தில் அரித்துப்போய் ஓட்டை விழுந்தது. சிமெண்டுத் தொட்டியின் அடியில் பூச்செல்லாம் கரைந்து ஜல்லி பல்லைக் காட்டியது. காலனியில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பால் காய்ச்சினால் திரிந்துபோகிறது என்று சொன்னார்கள். அதனால் அவர்கள் அதைத் துணி துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கிற தண்ணீருக்கு முக்கால் மைல் நடந்து என் மேட்டுத் தோட்டத்து போர்வெல்லுக்கு வந்தார்கள். அந்த போர் நல்ல ஆழம், நல்ல தண்ணீர். ஆனால் கரண்டு வரும் நேரம் பார்த்து இருபது குடம் வரிசையாக மோட்டார் ரூம் முன்னால் உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு ஊற்றி முடித்துத்தான் என் காட்டுக்குப் பாயும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்வேன்.

ஐஸ்பெட்டிக்காரர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பொறுமை இருக்காது. அவ்வளவு நிதானம். வாளியை இறக்கி முதல் வாளியைக் கீழே கொட்டிவிடுவார். இரண்டாவது வாளித் தண்ணீரால் பாட்டிலை மூன்று தடவை அலசுவார். பிறகு பாட்டிலை வாளிக்குள்ளேயே முக்கி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகுவார். பேனாவால் எழுதினால் ஐஸ் தண்ணீரில் அழிந்துவிடும் என்று சீட்டில் பென்சிலால் எழுதுவார். எங்கள் கிணற்றுச் சீட்டில் இரண்டாம் எண் என்று எழுதியிருக்க வேண்டும். அவர் "வேப்பமரத்துக் கிணறு" என்று எழுதி, அதற்குக் கீழே சின்னதாக இரண்டு என்று போடுவார். நம்பர் போட்டால் போதாதா என்று கேட்டேன். "நம்பரைப் பார்த்தா தண்ணி எடுத்த இடம் ஞாபகத்துக்கு வராதுங்க," என்றார்.

கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து பேனா அளவில் ஒரு மீட்டரை எடுத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்துவார். அதில் ஓர் எண் ஓடி ஓடி நிற்கும். அதைக் கையால் மறைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவார். சீட்டாட்டத்தில் சீட்டை மறைப்பவரைப்போல இருக்கும் அந்தக் காட்சி.

"என்னங்க காட்டுது?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பேன்.

"ரிப்போர்ட் வரும்ங்க மெம்பர்."

இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. என்ன பெரிய ராணுவ ரகசியம் என்று ஒரு நாள் கோபமாகவே கேட்டுவிட்டேன். அப்போது வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு தம்மம்பட்டிப் பக்கம் நடந்த ஒரு கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கே ஒரு விவசாயியிடம், உங்கள் கிணறு வீணாகிவிட்டது, அமிலமாகக் காட்டுகிறது என்று மீட்டரைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் மறு வாரமே பொக்லைன் வைத்துக் கிணற்றை மூடிவிட்டார். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. மீட்டரில் பேட்டரி இறங்கியிருந்திருக்கிறது.

"அவர் தாத்தா வெட்டுன கிணறுங்க. மூடுன கிணத்துமேல நின்னுக்கிட்டு என்னையே பார்த்தாருங்க. திட்டக்கூட இல்ல," என்றார். "அதுலருந்து என் வாயால நம்பர் சொல்றதில்லீங்க. பேப்பர் சொல்லட்டும்."

நல்ல கொள்கைதான். ஆனால் எங்கள் ஊரில் பேப்பரை யார் பார்த்தார்கள்? அவர் வாயைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் முதலில் தண்ணீர்ச் சொம்பு வரும். பகையாளி வந்தாலும் வரும். வந்தவர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்த பிறகுதான், என்ன விஷயம் என்று கேட்பார்கள். குடிக்காமல் தள்ளிவைத்தால் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, சண்டைக்கு வந்திருக்கிறார். இன்னொன்று, உங்கள் வீட்டில் எங்களுக்குப் புழக்கம் இல்லை என்று சொல்லாமல் சொல்கிறார். இந்த இரண்டாவது அர்த்தம் எவ்வளவு கூர்மையானது என்று இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அவருக்கும் தெரிந்திருந்தது. எந்த வீட்டில் சொம்பு நீட்டினாலும் வாங்கினார். அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடிப்பார். உதட்டில் சொம்பு படாது. குடித்து முடித்ததும் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, "நிறைவுங்க," என்பார். ஆறு கிணற்றுக்கும் ஆறு சொம்பு. மதியத்துக்குள் அவர் வயிறு குலுங்குகிற சத்தம் எனக்கே கேட்கும். என் மனைவி, "அந்த மனுசன் குடிக்கறதப் பாத்தா நம்ம கெணத்துத் தண்ணி அத்தன ருசியாட்டம் இருக்குதுங்க," என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் குழாய் அரித்ததையும் தொட்டி கரைந்ததையும் மறந்துபோனாள். நானும் மறந்துபோனேன்.

ஒரு நாள் அவர் வண்டியை உதைக்கும்போது சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. ரோஸ் கலர் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு மென்று தின்பது. பத்தில் எட்டு காலி. எடுத்துக் கொடுத்தேன். "வெயில்ல சுத்தறதுங்க," என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் அதையும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

காலனிக்கு அவரை முதல் தடவை அழைத்துக்கொண்டு போனவன் நான்தான். வண்டித்தடம் என் தோட்டம் வழியாகப் போவதால் மெம்பர் கூட வருவது மரியாதை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என் காட்டில் வேலை செய்கிற பாவாயியின் வீடு கிணற்றுக்கு நேர் எதிரே. ஐம்பதைத் தாண்டிய பெண். களை வெட்டினால் அவளுக்கு முன்னால் ஆள் இருக்காது. அவர் பாட்டில்களை நிரப்பி முடிக்கும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி ஒரு சொம்போடு வந்தாள். நீட்டலாமா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. சொம்பு பாதி தூரத்தில் நின்றது.

"நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க சாமி. போர்த் தண்ணி தீந்துபோச்சுங்க," என்றாள்.

அப்போதுதான் அவர் மீட்டரைத் தம்ளரிலிருந்து எடுத்திருந்தார். எண்ணைப் பார்த்திருந்தார். நோட்டில் எழுதியுமிருந்தார். ஒரு கணம் அவர் கை நின்றதை நான் பார்த்தேன். நான் எட்டடி தள்ளிப் புளியமரத்தடியில் நின்றேன். எங்கள் ஆட்கள் எப்போதும் நிற்கிற இடம் அது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாவாயியைப் பார்த்தார். சொம்பை வாங்கி அண்ணாந்து முழுக்கக் குடித்தார். கவிழ்த்துக் காட்டி, "நிறைவுங்கம்மா," என்றார்.

பாவாயியின் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நாலு வீதியிலும் பேண்ட் சட்டை போட்டு வந்த ஒருவர் வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை என்று அவள் அன்று பொழுதோடு என் காட்டிலேயே ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். தேர்தலுக்கு வருகிறவர்கள்கூடக் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலைக் கையோடு கொண்டுவருவார்கள்.

மறு வாரம் என் மோட்டார் ரூம் முன்னால் இருபது குடம் பன்னிரண்டானது. அடுத்த மாதம் நாலானது. பிறகு ஒன்றுமில்லை. ஏன் வருவதில்லை என்று பாவாயியைக் கேட்டேன்.

"தண்ணி பாக்கற ஆபீசரே அதத்தானுங்க சாமி குடிக்கறாரு. மாசா மாசம் வந்து குடிக்கறாரு. அப்பறம் நாங்க எதுக்குங்க இத்தன தூரம் செமக்கோணும்?"

"அதானே," என்றேன். வேறென்ன சொல்ல? கரண்டு வந்ததும் என் காட்டுக்கு நேராகத் தண்ணீர் பாய்ந்தது. டீக்கடையில் காலனித் தண்ணீரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நானே முந்திக்கொண்டு, "ஏனுங்க, ஐஸ்பெட்டிக்காரரே குடிக்கறாரு. அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியுமா?" என்பேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவர் என் கிணற்றிலும் குடித்தார் அல்லவா? காலனிக் கிணறு நல்லதாக இருந்தால் என் கிணறு அதைவிட நல்லதாக இருக்கத்தானே வேண்டும்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு பதிவுத் தபால் வந்தது. மெம்பர் என்று போட்டு என் பெயருக்கு வந்திருந்தது. உள்ளே நாலு தாள். முழுக்க இங்கிலீஷ், கட்டம் கட்டமாக எண்கள். கடைசித் தாளில் நாலு வரி தமிழில் இருந்திருக்கிறது. நான் அதுவரை புரட்டவில்லை. நெல்லுக்கு மருந்து அடிக்க ஆள் காத்துக்கொண்டிருந்தது. மடித்து ரேஷன் கார்டு வைக்கிற கவருக்குள் செருகிவிட்டேன். மறந்துபோனது என்று சொல்லிக்கொள்கிறேன். ரேஷன் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தத் தாள் கையில் பட்டது.

அடுத்த சித்திரையில் ஓடை காய்ந்தது. காலனிக் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், கள்ளு நிறத்தில் ஒரு முழம் நின்றது. பாவாயி அதற்குப் பல மாதம் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் களை வெட்டிக்கொண்டிருந்தாள். மிளகாய் ஆகவில்லை என்றாள். பிறகு ஒரு நாள் காலையில் அவளுடைய இரண்டு வெள்ளாடும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே விறைத்துக் கிடந்தன. அன்று மத்தியானத்துக்குள் காலனியில் ஏழு பேருக்கு வாந்தியும் பேதியும். 108 வண்டி இரண்டு நடை வந்தது. வெயில் காலத்துப் பேதி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்ப, எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். பாவாயி மட்டும் பாதி ஆளாகத் திரும்பினாள். காரம் சேரவில்லை, களி இறங்கவில்லை, மண்வெட்டியை எடுத்தால் கை நடுங்கியது. இன்றுவரை அவள் பழைய பாவாயி இல்லை.

அன்று சாயங்காலம் ரேஷன் கவரிலிருந்து அந்த நாலு தாளையும் எடுத்தேன். ஆறாம் எண்ணுக்கு நேராக, அமிலம் மிகுந்தது என்று தமிழில் தெளிவாக இருந்தது. குடிப்பதற்கும் கால்நடைக்கும் ஆகாது, உடனே மாற்று ஏற்பாடு செய்யவும் என்று இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை படித்திருக்கும். நான் தாளைத் திரும்ப மடித்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

அந்த வாரம் அவர் வந்தபோது வண்டித்தடத்திலேயே மறித்தேன். எனக்குள் இருந்த பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது.

"என்ன மனுசனுங்க நீங்க? ஏழு பேரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்குது. நீங்க குடிச்சதப் பாத்துத்தான அவுங்க குடிச்சாங்க? தெரிஞ்சுதான குடிச்சீங்க?"

அவர் வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்துபோனார். அது சாய்ந்து ஐஸ்பெட்டி வரப்பில் உருண்டது. பாட்டில்கள் சிதறின. அவர் அவற்றைப் பொறுக்கவில்லை.

"ரிப்போர்ட் வரலீங்களா மெம்பர்?" என்று கேட்டார். "அப்பவே அனுப்பிச்சாங்களே. தமிழ்ல எழுதிச் சேருங்கன்னு நான்தாங்க கெஞ்சிக் கேட்டேன். உங்க பேருக்கு..."

"வரல," என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தார். எனக்கு அவரைப் பார்க்க ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

அன்று என் மனைவி சொம்பை நீட்டியபோது முதல் தடவையாக, "வேண்டாம்ங்க," என்றார். அவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். "நாம என்ன பண்ணீட்டமாமா அவருக்கு?" என்று அடுப்படியிலிருந்து கேட்டது. மற்ற நாலு வீட்டிலும் அப்படியே. காலனிக்கு நானும் பின்னாலேயே போனேன். பாவாயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து சொம்பை நீட்டினாள். அந்த உடம்போடு வந்து நீட்டினாள்.

"வேண்டாங்கம்மா. நீங்களும் அதைக் குடிக்காதீங்க."

அவள் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது. சொம்போடு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க சாமி, இத்தன நாளுக் குடிச்சீங்களே. இப்ப நாங்க ஆகாதவியளாப் போயிட்டமுங்களா?"

சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்க்கவில்லை, புளியமரத்தடியில் நின்ற என்னைப் பார்த்தார்கள். யார் அவருக்கு என்ன ஓதிவிட்டார்கள் என்று அவர்களே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தண்ணீரில் அமிலம் என்றார், கிழங்குத் தண்ணீர் என்றார். ஒருவரும் கேட்கிற நிலையில் இல்லை. அவர் வண்டி ஓடையைத் தாண்டுவதற்குள் நாலு பேர் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினார்கள். "ஆபீசரு குடிக்காட்டிப் போறாரு. எங்க தண்ணிய நாங்க குடிச்சுக்கறோம்," என்று எனக்குக் கேட்கிற மாதிரி ஒருவன் சொன்னான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட தழும்பு அவன் கையில் இன்னும் இருந்தது.

ஆறு கிணற்றின் அளவையும் நோட்டில் வைத்திருந்தவருக்கு, வேண்டாம் என்கிற அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் அவருக்கு உதவியிருக்கலாம். அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டால் போதும்.

அதற்கடுத்து ஒரே ஒரு தடவைதான் அவரைப் பார்த்தேன். அதன் பிறகு வேறு ஆள் வருகிறார். கார் வைத்திருக்கிறார், எந்த வீட்டுப் படியும் ஏறுவதில்லை, சீல் வைத்த பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார். பழையவர் எங்கே என்று கேட்டதற்கு, தனக்குத் தெரியாது என்றார். அனுமதி இல்லாமல் பேசினதற்கு நிறுத்திவிட்டார்கள் என்று ராசிபுரத்தில் ஒருவர் சொன்னார். வயிற்றில் புண் என்று ஊரோடு போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

அந்தக் கடைசித் தடவை, வாளி இறக்கியதற்கு இரண்டாம் நாள், ஐஸ்பெட்டி இல்லாமல் வந்தார். வண்டியின் பின்பக்கம் காலியாக இருந்தது பார்க்க என்னவோபோல் இருந்தது. முன்னால் ஒரு பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் தொங்கியது. நான் காலையிலிருந்து உழவு ஓட்டிய காட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் கூட வாங்க மெம்பர்," என்றார். மறுக்க முடியாத மாதிரி சொன்னார்.

காலனியில் அவரைப் பார்த்ததும் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் நேராகப் பாவாயியின் வாசலுக்குப் போனார்.

"அம்மா, அந்தச் சொம்பை மட்டும் குடுங்க. கழுவ வேண்டாம்."

அவள் உள்ளே போய் எடுத்துவந்தாள். அவர் பாட்டிலைத் திறந்து, தான் கொண்டுவந்த தண்ணீரை அந்தச் சொம்பில் தளும்ப ஊற்றினார். எப்போதும்போல அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாதிச் சொம்பு குடித்தார்.

"உங்க சொம்புல குடிப்பேன்மா. சோறு போட்டா உங்க தட்டுல சாப்பிடுவேன். அந்தக் கிணத்துத் தண்ணி மட்டும் ஆகாது. மொத நாளே மீட்டர் காட்டுச்சு. நாலுக்குப் பக்கம். ஏழு இருக்கணும். தெரிஞ்சேதான் குடிச்சேன். வேண்டாம்னா வேற மாதிரி நெனைப்பீங்கன்னு குடிச்சேன். என் வயிறு, என்னோட போகட்டும்னு நெனைச்சேன். நீங்க என்னைப் பார்த்துக் குடிப்பீங்கன்னு நெனைக்கல. அது என் தப்புமா."

அவர் வாயிலிருந்து எண் வந்ததை நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

பாவாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி மட்டுந்தானுங்களா சாமி?"

"தண்ணி மட்டும்தான்மா."

"அத ஒரு காயிதத்துல எழுதியாச்சும் அனுப்பியிருக்கலாமுங்களே."

அவர் சட்டைப் பையிலிருந்து நாலு தாளை எடுத்தார். என்னிடம் இருந்த அதே நாலு தாள். மேலே என் பெயரும், அனுப்பிய தேதியும், பெற்றுக்கொண்டதற்கு என் கையெழுத்து விழுந்த தபால் அட்டையின் நகலும் இருந்தன. என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அனுப்பினோம்மா," என்றார். "தபால்ல எங்கயோ நின்னுபோச்சு போல."

தாளை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

பாவாயி மெல்ல நடந்து கிணற்றடிக்குப் போனாள். உருளையில் ஓடிய கயிற்றை உருவி, கையில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. இனி இவர்கள் குடத்தோடு என் போருக்குத்தான் வர வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. வரட்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

சொம்பில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவர் புளியமரத்தடிக்கு நடந்துவந்து அதை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்க மெம்பர். இவங்களுக்கு மனசு ஆறும்."

அது அவர் ராசிபுரத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர். நல்ல தண்ணீர். அவர் வாய் வைத்தும் குடிக்கவில்லை, ஆகவே எச்சில் என்கிற சாக்கும் எனக்கு இல்லை. வீதி முழுக்க என்னைப் பார்த்தது.

"இப்பத்தானுங்க ஊட்டுல குடிச்சுட்டு வாரேன்," என்றேன்.

அவர் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. தோளில் கயிற்றோடு பாவாயி பின்னாலிருந்து வந்து, அந்தச் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சாமிக்கு இங்க பழக்கமில்லீங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க," என்று அவரிடம் எனக்காகச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, பரவாயில்லை என்கிற மாதிரி சிரிக்கவும் செய்தாள். மிச்சத் தண்ணீரை வாசலில் இருந்த முருங்கைக் கன்றுக்கு ஊற்றினாள்.

நான் திரும்பி வண்டித்தடத்தில் நடந்தேன். உச்சி வெயில். பத்தடி போவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் காட்டுக்குப் போனதிலிருந்து நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கவில்லை.